வலது கைக்கு நித்திரை இல்லை

வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல் போனதும் நான் செய்த முதல் காரியம் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டதுதான். பின்னலைப் பின்னால் எட்டிப் பிடிக்க ஏலாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காலையில் மதிலுக்கு மேலால் கூப்பிட்டு, "ஒருக்கா வந்து இழுத்துக் கட்டிவிடு" என்று பல்லிளித்துக்கொண்டு நிற்கிற பிறவி நான் இல்லை. அதைவிட மொட்டையடிக்கலாம். சலூன்காரப் பெட்டை கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, "உண்மையாத்தானோ அன்ரி? நல்ல அடர்த்தியான முடி" என்று இழுத்தாள். "வெட்டு பிள்ளை, கச்சான் காத்து வெக்கைக்குத் தலை அவியுது" என்றேன். அதே பொய்யைக் கனடாவில் இருக்கிற மகளுக்கும் சொன்னேன்.

பிறகு வீடு கொஞ்சங் கொஞ்சமாகக் கீழே இறங்கத் தொடங்கியது. குசினித் தட்டின் மேலடுக்கில் இருந்த மா டின், மிளகாய்த்தூள் டின், விருந்தாளிகளுக்கு எடுக்கிற கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்து சேர்ந்தன. கொடிக்கயிற்றையும் தாழ்த்திக் கட்டினேன். திருகோணமலை இது, கோட்டைப் பக்கத்து மான்கள் தெருவுக்குத் தெரு திரிகிற ஊர். படலை திறந்து கிடந்த ஒரு நாள், தாழக் கிடந்த துவாயை ஒரு மான் வந்து ஆறுதலாகச் சப்பிவிட்டுப் போனது. சேலை கட்டுவதை விட்டு, முன்னுக்குப் பொத்தான் வைத்த வீட்டுச்சட்டைக்கு மாறினேன். சுவரில் இருந்த சாமிப்படத்தைக்கூட இறக்கி மேசையில் வைத்துத்தான் பூ வைத்தேன். இறக்கினதில் சாமிக்கு என் மேல் கொஞ்சம் எரிச்சல் போலத்தான் எனக்குப் பட்டது. எனக்கும் அவர் மேல் எரிச்சல்தான்.

தனியத்தான் இருக்கிறேன். இவர், என் மனுசன், கட்டாரில் கனகாலம் உழைத்துவிட்டுச் சர்க்கரை வருத்தத்தோடு திரும்பி வந்தார். ஒரு நாள் காலை, விறாந்தை வாங்கில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டார். எங்களுக்கு ஒரே மகள். அவள் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போய் எத்தனையோ வருசம். சில நாட்களில் பின்னேரம் பேக்கரிக்குப் போய் "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்கும்போதுதான், அன்றைக்கு முதல்தரம் வாய் திறக்கிறேன் என்பது தெரியவரும். தொண்டை கரகரக்கும். கடைக்காரர் "தடிமனோ அம்மா?" என்று கேட்பார். ஓம் என்று சொல்லிவிட்டு வருவேன்.

மகளுக்கு எப்போதும் ஒரே பாட்டு. "அம்மா, ஒண்டில் இஞ்ச எங்களோட வந்து இருங்கோ. இல்லாட்டி யாழ்ப்பாணத்தில நல்ல முதியோர் இல்லம் இருக்காம், அங்க இருங்கோ. நீங்கள் தனிய விழுந்து கிடந்தா ஆருக்குத் தெரியும்?"

"உனக்கென்ன விசரே? நான் ஏன் விழுறன்?"

"கையைத் தூக்கிக் காட்டுங்கோ பாப்பம்."

அப்போது நான் கைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொள்வேன். "தூக்கிக்கொண்டுதான் இருக்கிறன், உனக்குத் தெரியேல்லையே? உன்ட நெட் சரியில்லை" என்பேன். அவள் நம்பவில்லை. வயிற்றில் சுமந்து பெற்றது அல்லவா, தாயின் கள்ளத்தனம் தெரியாமல் இருக்குமா! கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஓகஸ்டில் லீவு எடுத்துக்கொண்டு தான் மட்டும் வருவாள். வந்து கண்ணால் பார்ப்பாள். தனியச் சமாளிப்பேன் என்று கண்டால் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கதைக்க மாட்டாள். ஏலாது என்று கண்டால் நான் வீட்டைப் பூட்டிவிட்டு அவள் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டும். "சரி, வந்து பார்" என்று ரோசத்தில் சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கைபேசியை வைத்ததும் ஓகஸ்டுக்கு எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இந்த வீட்டில் இருந்து என்னைக் கிளப்பினால் நான் செத்துப்போவேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அப்படியெல்லாம் மனுசர் சாகிறதில்லை. ஆனால் இந்தத் தனிமை எனக்குப் பழகிப்போனது. எந்த நேரம் எந்த யன்னலில் வெயில் வரும், எந்த நேரம் மனம் சரியும், சரிந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வேறு ஓர் ஊரின் தனிமையை இந்த வயதில் அரிவரியில் இருந்து படிக்க ஏலாது. ஓகஸ்டுக்குள் கை மேலே போயாக வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் தோளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மூட்டு இறுகிப்போய்க் கிடக்கிறது என்றார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், ஓய்வு பெறும்வரை தட்டச்சு என்றேன். "ஆ, அதுதான்" என்று அவர் தலையாட்டினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தட்டச்சு செய்கிறவள் இரண்டு கையாலும்தான் தட்டுவாள், வலது தோள் மட்டும் ஏன் கோபித்துக்கொண்டது? கேட்டிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும், கேட்கவில்லை. குளிசை தந்தார். அது வயிற்றைத்தான் எரித்தது. பிறகு அவரே, "யோகா சிகிச்சைக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்று ஒரு மண்டபத்தைச் சொல்லி அனுப்பினார்.

மூச்சு விடுவதற்கும் ஒரு வகுப்பா என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். மண்டபத்தில் எல்லோரும் என் வயதுப் பெண்கள். முழங்கால், நாரி, கழுத்து என்று ஆளுக்கொரு சாமான் பழுதாகி வந்திருந்தோம். சொல்லித் தருகிறவள் என் மகளைவிட இளையவள், மலையகத்துப் பிள்ளை, இந்தியாவில் படித்துவிட்டு வந்து இங்கே வேலை செய்கிறாள். மெல்லிய குரல். எங்கள் ஊரில் நடந்ததை எல்லாம் அவள் செய்தியில்தான் கேட்டிருப்பாள்.

முதல் நாள் அவள், "எல்லாரும் அப்படியே பாயில படுங்கம்மா" என்று சொல்லிவிட்டு யன்னலைச் சாத்தத் திரும்பினாள். சாத்திவிட்டு எங்களைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாங்கள் அத்தனை பேரும் குப்புறப் படுத்திருந்தோம். வெறுமனே குப்புற இல்லை. முழங்கையை நிலத்தில் ஊன்றி, நெஞ்சைக் கொஞ்சம் நிலத்தில் இருந்து தூக்கி, விரலால் காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தோம். என் வலது கை காதுவரை எட்டவில்லை, ஆனாலும் பாதி வழியில் நின்றது.

"ஐயையோ, என்னங்கம்மா இது? நீச்சல் கத்துக்கவா வந்தீங்க?" என்று அந்தப் பிள்ளை சிரித்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்துப் பாயில் கிடந்த கிண்ணியா ராத்தா தலையை மட்டும் நிமிர்த்தினார். முழங்கால் நோவுக்காகக் கிண்ணியாவில் இருந்து பாலத்தால் பஸ் ஏறி வருகிற முஸ்லிம் அக்கா அவர். என்னைவிட மூப்பு, வாய் சும்மா இருக்காது. "படுங்க எண்டா எங்களுக்கு இந்தப் படுக்கைதான் தெரியும் புள்ள" என்றார். "செல் குண்டு வாற நேரம் நெஞ்சு நெலத்தில முட்டப்படாது. வாயப் பொத்தினா காது வெடிச்சிரும். உங்கட ஊரில சொல்லித் தரல்லியா?"

அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. "மன்னிச்சுக்குங்கம்மா" என்று எங்கள் நடுவில் வந்து குந்திக்கொண்டாள். பிறகுதான் எங்களுக்கே சிரிப்பு வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், பேர் ஊர் தெரியாமல், தமிழர் முஸ்லிம் என்றில்லாமல் எல்லோரும் ஒரே மாதிரி விழுந்திருக்கிறோமே! ராத்தா சிரித்த சிரிப்பில் அவருடைய முக்காட்டு ஊசி கழன்று விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்து, சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

மல்லாக்கப் படுப்பது எனக்குப் பெரும் கரைச்சலாக இருந்தது. வயிற்றையும் நெஞ்சையும் கூரைக்குக் காட்டிக்கொண்டு, உள்ளங்கையை விரித்துப்போட்டு, சும்மா கிட என்றால் எப்படிக் கிடப்பது? "உடம்பு மறக்கறதில்லைங்கம்மா" என்று அந்தப் பிள்ளை சொல்வாள். "மனசு மறந்துட்டாலும் தசை வச்சுக்கிட்டே இருக்கும். மூச்சை மெதுவா விட்டு, விட்டுடுன்னு அதுக்குச் சொல்லணும்." எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்பிடியெண்டா இந்தத் திருகோணமலைத் தசையெல்லாம் கச்சேரி அலுமாரி மாதிரித்தான் கிடக்கும் பிள்ளை. திறந்தா முகத்தில விழும்" என்றேன். அவள் கோபிக்கவில்லை. "மெதுவாத் திறப்போம்மா" என்றாள்.

கைக்கு அவள் தந்த வேலை, சுவரில் விரலால் ஊர்ந்து மேலே போவது. எறும்பு மாதிரி ஊர்ந்து, நோகும் இடத்தில் நின்று, மூச்சை விட்டு, இன்னும் கொஞ்சம். வீட்டிலும் செய்தேன். பின்னேரத்தில் தோள் கொஞ்சம் இளகும். சந்தோசமாகப் படுப்பேன். விடிய எழும்பினால் பழையபடி இறுகிக் கிடக்கும், பகல் முழுக்க இழுத்ததெல்லாம் வீண். மாதம் போய்க்கொண்டிருந்தது. மகள் டிக்கெற் போட்டுவிட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "கோதாரி விழுந்த கை" என்று வாய்விட்டே திட்டினேன். வீட்டில் நான் திட்டுவதைக் கேட்கவும் யாரும் இல்லை.

"ராத்திரியில அப்படி என்னதாம்மா பண்றீங்க இந்தக் கையை?" என்று அந்தப் பிள்ளை ஒரு நாள் கேட்டாள்.

"நித்திரை கொள்ளுறன். வேற என்ன செய்யிறது?"

அடுத்த கிழமை வகுப்பில் அது வெளிப்பட்டது. கடைசியில் கொஞ்ச நேரம் ஓய்வாகக் கிடப்போம். மல்லாக்கக் கிடந்தால் தோள் இழுக்கிறது என்று என்னை இடது பக்கம் சரிந்து படுக்கச் சொன்னாள். ராத்தா முன்னாலே, எனக்கு முதுகு காட்டியபடி சரிந்து படுத்திருந்தார். மண்டபத்தில் காற்றாடி சுற்றுகிற சத்தம். நான் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது.

கண் விழித்தபோது மற்றவர்கள் எழும்பிப் பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ராத்தா மட்டும் அப்படியே அசையாமல் கிடந்தார். என் வலது கை அவருடைய காதை முக்காட்டோடு சேர்த்துப் பொத்தியபடி இருந்தது. சடாரென்று இழுத்துக்கொண்டேன், தோள் பிடுங்கிக்கொண்டு போனது. "ஐயோ ராத்தா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ! எனக்குத் தெரியாது" என்றேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். "கெடக்கட்டும் தங்கச்சி. கன நேரமாக் கெடந்திச்சு. எடுக்க மனம் வரல்ல, அதான் எழும்பல்ல" என்றார். அந்த வாய்க்காரியின் கண் கலங்கியிருந்தது. "நம்மளுக்கு இப்ப ஆரு காது பொத்துறா?"

அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து இருந்தாள். "யாரோட காதும்மா அது?" என்று கேட்டாள். நான் ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், மகளின் காது என்றுதான் வந்தது.

போர்க்காலத்தில் இந்தத் துறைமுகத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு அந்த வெடியைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீரடியால் யாரும் நீந்திவந்து கப்பலைத் தகர்த்துவிடாதபடி, கடற்படை துறைமுகத் தண்ணீருக்குள் சின்ன வெடிகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். பகல் இரவு என்றில்லை, அதற்கு ஒரு நேரசூசியும் இல்லை. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. நிலத்துக்கு அடியில் யாரோ ஒரு மூட்டையைப் போட்டது போல ஒரு 'தும்'. அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று விழுந்தால் அடுத்தது எப்போது என்று உடம்பு காத்திருக்கும். வந்துவிட்டால் ஒரு நிம்மதி, பிறகு அடுத்ததற்குக் காத்திருப்பு.

இவர் அப்போது கட்டாரில். நானும் மகளும்தான். யன்னல் மட்டத்துக்கு மேலே படுக்கக்கூடாது என்று கட்டிலை விட்டுச் சீமெந்து நிலத்தில் பாய் போட்டுப் படுப்போம். அவள் எனக்கு முதுகு காட்டிச் சுருண்டு படுப்பாள், நான் இடது பக்கம் சரிந்து, வலது கையை நீட்டி அவளுடைய காதைப் பொத்திக்கொள்வேன். அவள் அசையவே மாட்டாள். மூச்சுச் சீராக வந்துகொண்டிருக்கும். வெடி விழும், அலுமாரி நடுங்கும், என் கைக்குள் இருக்கிற சின்னக் காது ஒன்றையும் அறியாமல் நித்திரை கொள்ளும். நான் பெரிதாக ஒன்றும் சாதித்தவள் இல்லை. மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சில் அடித்தே காலம் போனது. இது ஒன்றுதான் நானாக முழுதாகச் செய்தது என்று நினைத்துக்கொள்வேன். அந்த வெடி என் பிள்ளையைத் தொடவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பிள்ளை, "நாளைக்குக் காலையில முழிச்சதும் அசையாதீங்க. கை எங்க இருக்குன்னு மட்டும் பாருங்கம்மா" என்றாள். பார்த்தேன். கட்டிலில் என் முன்னால் இருக்கிற இரண்டாவது தலையணையின் மேல், உள்ளங்கை குவிந்து, விரல்கள் இறுகி, அப்படியே இருந்தது. அந்தத் தலையணை இவருடையது என்றுதான் நான் இவ்வளவு காலமும் எடுக்காமல் வைத்திருந்தேன். எனக்குக் கையின் மேல் சரியான கோபம் வந்தது. பிள்ளை இஞ்ச இல்லை, போய் எத்தனை வருசம், கலியாணம் முடித்து இரண்டு பிள்ளையும் பெற்றுவிட்டாள், அது உனக்கு மட்டும் தெரியாதோ? கட்டிலில் இருந்துகொண்டு நன்றாக அழுதேன்.

யோகா ஒரு நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லவில்லை. படுக்கும்போது கையை என் சொந்த வயிற்றின் மேல் வைக்கச் சொன்னாள். மூச்சுக்கு வயிறு எழும்புவதையும் இறங்குவதையும் கை பார்த்துக்கொண்டிருக்கட்டும், அதற்கு அது போதும் என்றாள். முதலில் விடிய எழும்பினால் கை பழையபடி தலையணைக்குப் போயிருக்கும். தலையணையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். கட்டில் வெறுமையாகக் கிடந்தது, அதைப் பார்க்க ஏலாமல் இருந்தது. ஆனால் தோள் விடியற்காலையில் இளகியே இருக்கத் தொடங்கியது. விரல்கள் சுவரில் ஊர்ந்து லைற் சுவிச்சைத் தாண்டிப் போயின. ஒரு நாள் காது வரைக்கும் கை போனபோது ராத்தா மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கக் கைதட்டினார். "இனி மகள் வந்தா சலாம் போடலாம்" என்றார்.

மகள் வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணைச் சுற்றிக் கருவளையம். பெட்டி நிறைய எனக்குச் சூட்டு ஒத்தடப் பட்டியும் மூட்டுத் தைலமும். வந்த களைப்பு ஆறுமுன்னே குசினியைச் சுற்றிப் பார்த்தாள். டின்கள் இடுப்பு உயரத்தில் நிற்பதையும் கொடி தாழக் கிடப்பதையும் கண்டாள். "ம்" என்றாள். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி, தூக்குங்கோ பாப்பம்" என்று கூடத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கச்சேரியில் வேலைக்கு எடுக்கும்போது வைத்த பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. மூச்சை இழுத்தேன். விட்டேன். கையைத் தூக்கினேன். தோள் முனகியது, ஆனால் போனது. கன்னத்தைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே போனது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், ரோசத்துக்காக.

"பாத்தனீயே?" என்றேன்.

"பாத்தனான்" என்றாள். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன், முகத்தில் அப்படி ஒன்றையும் காணவில்லை. பயணக் களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் சோறு தின்ற பிறகு வெக்கை தாங்கவில்லை. கச்சான் காற்று யன்னல் சீலையைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. "நிலத்தில படுப்பம் அம்மா, குளிரா இருக்கும்" என்று அவளே பாயை எடுத்துப் போட்டாள். எனக்கு முதுகு காட்டிச் சரிந்து படுத்தாள். கூந்தலில் வேறு ஏதோ நாட்டுச் சவர்க்கார மணம். எவ்வளவு பெரிய முதுகு! என் கைக்குள் சுருண்டு கிடந்த பிள்ளையா இது என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவளுடைய மூச்சுச் சீராக வந்தது. நித்திரையாகிவிட்டாள் என்று எனக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. கண்ணை மூடினேன். கை எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. வெடி இல்லை, சத்தம் இல்லை, ஒன்றுமில்லை. அது தன் பாட்டில் போய் அவளுடைய காதில் இருந்துகொண்டது.

"கையை எடுங்கோ அம்மா" என்றாள். "நான் முழிப்புத்தான்."

எடுத்தேன். "நித்திரை எண்டு நினைச்சன்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "அப்பவும் முழிப்புத்தான்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கியது, ஆனால் விளங்க விருப்பமில்லை. "எப்ப?" என்று கேட்டேன்.

"வெடி போடுற நேரம். எல்லா நாளும்."

"அதெப்படி? நான்தான் காதைப் பொத்தினனானே. உனக்குக் கேட்டிருக்காது."

"மேல் காதைத்தான் பொத்தினீங்கள். கீழ்க் காது நிலத்திலதானே அம்மா. அது நிலத்தாலதானே வாறது. மேலால வாறதைவிட வடிவாக் கேக்கும்." சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போல ஆறுதலாகச் சொன்னாள்.

எழும்பி இருந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். "அப்ப ஏன் சொல்லேல்லை? வாய் இல்லையே உனக்கு? நான் விசரி மாதிரி விடிய விடியக் கையைத் தூக்கி வச்சுக்கொண்டு கிடந்தனான்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"உங்கட கை நடுங்கும்" என்றாள். "ஒவ்வொரு வெடிக்கும் நடுங்கும். நான் அசைஞ்சா இன்னும் கூட நடுங்கும். நான் நித்திரை எண்டு நீங்கள் நினைச்சா, கொஞ்ச நேரத்தால நிண்டிடும். அதுதான் மூச்சைச் சரியா விட்டுக்கொண்டு கிடந்தனான். நான் சின்னன்தானே, எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

சீரான அந்த மூச்சு. அதை நம்பித்தான் நான் அந்த வருசங்களைக் கடந்தேன். ஒரு சின்னப் பிள்ளை, காதை நிலத்தில் வைத்து எல்லா வெடியையும் தனியக் கேட்டுக்கொண்டு, என் பயம் அடங்கட்டும் என்று எண்ணி எண்ணி மூச்சு விட்டிருக்கிறாள். காவல் இருந்தது அவள். நான் அல்ல. எனக்கென்று இருந்த அந்த ஒரே பெருமையும் அந்தப் பாயில் வைத்துக் கைவிட்டுப் போனது. என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி படுத்தேன். மல்லாக்கப் படுத்தேன். வலது கையை என் பக்கத்தில் நிலத்தில் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு மாறியது. ஒழுங்கில்லாமல், இடையில் நின்று நின்று, மூக்கடைத்த சின்னக் குறட்டையோடு வந்தது. அதுதான் அவளுடைய உண்மையான நித்திரையின் மூச்சு. அதை நான் அன்றைக்குத்தான் முதல்தரம் கேட்டேன்.

பின்னேரம் எழும்பித் தேத்தண்ணி போட்டேன். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து குசினிக் கதிரையில் இருந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இஞ்சயே இருங்கோ அம்மா" என்றாள். "கை வடிவா மேல போகுது. உங்களால ஏலும். சொன்னபடி நான் இனி வாங்கோ எண்டு கேக்க மாட்டன். இல்லத்தின்ட கதையும் கதைக்க மாட்டன்."

இந்தச் சொல்லுக்காகத்தான் நான் மாதக்கணக்காகச் சுவரில் ஊர்ந்தேன். வந்துவிட்டது. வீடு எனக்குத்தான். நான் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் அவள் சொல்லி முடித்ததும், ஏன் கேக்க மாட்டாய், இன்னும் ஒரேயொருக்காக் கேள் பிள்ளை என்று தொண்டை வரைக்கும் வந்தது. அவள் கேட்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தாள்.

"ஓம்" என்றேன். "நான் இருப்பன்."